நூற்றெழுபது காற்றும் மூன்று படியும்

காலை ஐந்தரை மணி, மேற்குத் தாம்பரம். பகலெல்லாம் மற்றவர்களை ஊட்டிக்கும் கோவாவுக்கும் அனுப்பிவைப்பதுதான் என் பிழைப்பு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். என் சொந்தப் பயணங்கள் எல்லாம் ஞாயிறு காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இதுவும் அப்படித்தான். முடிச்சூர், படப்பை, மணிமங்கலம், குன்றத்தூர், பல்லாவரம் என்று ஒரு சுற்று. மொத்தம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் காசிக்குக் கிளம்புகிறவர்கள்கூட இவ்வளவு படபடப்போடு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

காரணம் என் சைக்கிளின் பின் ஷாக். சாதாரண சைக்கிள் மட்டுமே பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லும் முள்ளுமான சரிவில் இறங்குகிற மவுண்டன் பைக்கில், மோட்டார் பைக்கில் இருப்பது போலவே பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் உண்டு. அங்கே கம்பிச் சுருள் இருக்கும், இங்கே காற்று. சீட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளக் குழல், அதற்குள் ஒரு பளபளப்பான தண்டு போய் வரும், அவ்வளவுதான். கார் டயருக்கு முப்பது சொச்சம் காற்று போதும். இந்தச் சின்னக் குழலுக்கு என் எடைக்கு நூற்றெழுபது வேண்டும். குறைந்தால் வண்டி இலவம்பஞ்சு மெத்தை போல அமுங்கும். பெரிய பள்ளத்தில் இறங்கும்போது தண்டு அடிவரை போய் முட்டி, ஆளைத் தூக்கி எறியும்.

என்னை எறிந்திருக்கிறது. படப்பையைத் தாண்டி, கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. எந்த ஊர் எல்லை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த ஞாயிறே அங்கே பஜ்ஜிக் கடை வந்துவிடும். கல் வெட்டியெடுத்த சரிவில், முழங்கால் உயரத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படிகள். எங்கள் கூட்டத்தில் அதற்குப் பெயரே மூன்று படி. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் முதல் இரண்டையும் ஜம்மென்று இறங்கினேன். மூன்றாவதில் ஷாக் அடிவரை போய் முட்டியது. நான் கைப்பிடிக்கு மேலே பறந்து தோள்பட்டையில் விழுந்தேன். காறை எலும்பு போயிற்று. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஷாக்கில் இருக்க வேண்டிய காற்று இல்லை. எங்கோ கசிகிறது என்று முடிவு கட்டினோம்.

இதில் என் கணவர் முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவார். சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஆனால் எதையும் எண்ணில் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. வண்டியை எங்களுக்குக் கொடுத்த பழைய சொந்தக்காரர், "ஷாக்ல காத்து மட்டும் அடிக்கடி பார்த்துக்குங்க சார்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் இவர். வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கும்போதே, காற்றின் அளவை முள் காட்டும், ஷாக்குக்கென்றே உள்ள சின்னக் கைப்பம்பையும் எடுத்து மாட்டிப் பார்த்துவிடுவார். பார்ப்பதோடு சரி; எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் விழுவதற்கு முன்னால் எங்கள் இருவருக்குமே தெரியாது.

கை சரியானதும் போன ஞாயிறு ஷாக்கைப் பிரித்தோம். கூட இருந்தவள், எங்கள் சைக்கிள் கூட்டத்து ஷபானா. பல்லாவரத்தில் அவள் அப்பா தோல் பை வியாபாரம், அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், பத்து மடங்கு துணிச்சல்காரி. சமையல் மேடையில் பழைய வேட்டியை விரித்து, முதலில் காற்றை மொத்தமாக இறக்கிவிட்டு, குழலைக் கையாலேயே திருகிக் கழற்றினோம். உள்ளே கறுத்த எண்ணெயும் செம்மண்ணும் கலந்து ரசவண்டல் போல ஒட்டியிருந்தன. துடைத்து, பழைய ரப்பர் சீல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கிரீஸ் தடவி உட்காரவைத்தோம். மூடியபின் ஐம்பது ஐம்பதாகக் காற்றடித்து, நடுநடுவே சீட்டை அமுக்கி அமுக்கி, நூற்றெழுபதுக்குக் கொண்டுவந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சமையல் மேடையில் இவ்வளவு உருப்படியான வேலை அதுவரை நடந்ததில்லை என்று முரளியிடம் சொன்னேன்.

திங்கள் காலை அவர் பார்த்தபோது நூற்றைம்பத்தைந்து. செவ்வாய் நூற்று நாற்பது. வெள்ளிக்கிழமை நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புதுசு போட்டும் கசிகிறது. முரளி கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம். சனிக்கிழமை சாயங்காலம் மெதுவாகச் சொன்னார்.

"மேடவாக்கத்துல ஒருத்தர் வண்டி கேக்கறார். திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு சொல்றார். நாளைக்கு நீ ஓட்டிப் பாரு. நின்ன இடத்துல எல்லாம் காத்தைப் பார்த்து எனக்குப் படம் அனுப்பு. இறங்கலைன்னா வண்டி நம்மது. இறங்குச்சுன்னா குடுத்துடலாம், கோமதி. நடுவுல அடிச்சுடாத, அப்புறம் எவ்வளவு கசியுதுன்னு தெரியாது."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது, எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் நின்றவர் அவர். ஆக இன்றைய பயணத்தில் முள் இறங்கினால் வண்டி போகிறது. நாற்பது வயதில் கண்டுபிடித்த என் ஒரே பைத்தியமும் அதோடு போகிறது.

கிளம்பும்போது நூற்றெழுபது அடித்துப் படம் எடுத்தேன். முரளி அப்போதே ரத்தக் குப்பிகளை வைக்கிற ஐஸ் பெட்டியோடு வேலைக்குக் கிளம்பியிருந்தார். பல்லாவரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து வந்த ஷபானா தெருமுனையில் வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றாள்.

முடிச்சூர் சாலையை ஞாயிறு விடியலில்தான் பார்க்க வேண்டும். மற்ற நாள்களில் அங்கே பார்ப்பதற்கு, முன்னால் போகிற தண்ணீர் லாரியின் பின்பக்கம் மட்டுமே கிடைக்கும். இன்று சாலை எங்களுடையது. மீன் கூடைகளை இறக்குகிறவர்கள், சர்ச்சுக்கு வெள்ளைச் சேலையில் போகிறவர்கள், கேபிளுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள். அந்தப் பள்ளங்களை மற்றவர்கள் திட்டுவார்கள். எங்களுக்கு அவை பலகாரம். ஒவ்வொன்றிலும் பின்சக்கரம் இறங்கி ஏறும்போது ஷாக் விழுங்கிக்கொள்வது உடம்புக்குத் தெரிந்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, இதுவா கசிகிறது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறியது.

முடிச்சூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் நிறுத்திப் பம்பை மாட்டினேன். நூற்றைம்பத்தைந்து.

நம்பிக்கை பொசுக்கென்று போயிற்று. ஐந்து கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம். படம் எடுத்து அனுப்பினேன். முரளியிடமிருந்து 'சரி' என்று ஒற்றை வார்த்தை வந்தது. பாவம், அவரும் எங்கோ ஒரு வீட்டில் யாருடைய கையிலோ நரம்பைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

"அக்கா, மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. இன்னும் நூத்தம்பத்தஞ்சு இருக்குல்ல" என்றாள் ஷபானா.

"படப்பை வரைக்கும் இருக்கணுமே."

மண்ணிவாக்கத்தில் வெளிவட்டச் சாலைப் பாலத்துக்குக் கீழே ரேஸ் சைக்கிள்காரர்கள் உடம்பை ஒட்டிய உடையில் கூட்டமாக நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தடித்த டயரைப் பார்த்து ஒருவர் சிரித்தார். ஷபானா வேண்டுமென்றே நடைபாதை விளிம்பில் ஏறிக் குதித்து, வந்த வேகத்திலேயே அவர்களைத் தாண்டிப் போனாள். அவள் பின்னால் நானும் குதித்தேன். குதித்தபின்தான் காறை எலும்பு ஞாபகம் வந்தது. வலிக்கவில்லை.

ஏழு மணிக்கு முன்னால் படப்பை. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிற கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஒரு பக்கம், காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் கீரைக்கட்டும் கத்தரிக்காயும் கொட்டிய சந்தை. டீ பன்னிரண்டு ரூபாய், மெதுவடை பத்து. வடை கொதிக்கக் கொதிக்க எண்ணெயிலிருந்து வந்தது. தாம்பரத்தில் இந்த அளவு வடைக்கு இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

டீக்கடை ஓரமாக வண்டியைச் சாய்த்துப் பம்பை மாட்டினேன். கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, சைக்கிளுக்கு பி.பி. பாக்குறீங்களா?"

"ஆமாண்ணா. கம்மியா கீது" என்றேன், அவர் பாஷையிலேயே.

"உப்புப் போட்டு மோர் குடுங்க, ஏறிக்கும்."

சிரிப்பு வரவில்லை. முள் நூற்று நாற்பதில் நின்றது. படம் எடுத்து அனுப்பிவிட்டு, பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, டீயை வாங்கினேன். திங்கட்கிழமை வருகிற மேடவாக்கத்துக்காரர் எப்படி இருப்பார், இந்த வண்டியை மாடிப்படிக்குக் கீழே போட்டுவைத்துத் துணி காயப்போடுவாரோ என்றெல்லாம் மனம் ஓடியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், டீக்கடையில் ஒரு சைக்கிளுக்காக அழப் பார்த்தேன்.

கைப்பேசி ஒலித்தது. முரளிதான். 'வெயில் அடிச்சு முள் தெரியல. மறுபடி எடு.'

டீயைக் கீழே வைத்தேன். பம்பை மறுபடி மாட்டினேன்.

நூற்றிருபத்தெட்டு.

முள்ளின் மேலிருந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே எண்தான். டீ இன்னும் ஆறவில்லை. அதற்குள் பன்னிரண்டு எங்கே போயிற்று? தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை பள்ளத்திலெல்லாம் குதித்து வந்ததற்கு இறங்கிய அளவு, இங்கே சுவரில் சாய்ந்து நின்றதற்கும் கிட்டத்தட்ட இறங்கியிருக்கிறது.

"ஷபானா, இங்க வா."

வந்து பார்த்தாள். "ஒரு நிமிஷத்துல இவ்வளவு இறங்குச்சுன்னா புஸ்ஸுன்னு சத்தம் கேக்கணுமேக்கா."

பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கினேன். டீக்கடைக்காரர் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார், கூடவே "குளிப்பாட்டவும் போறீங்களா?" என்று கேட்டார். நுரை கலக்கி ஷாக்கின் மேல், மூடி மேல், சீல் மேல், காற்றடிக்கும் வால்வின் மேல் ஊற்றினோம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போலத்தான். இரண்டு பேரும் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. ஷபானா சீட்டில் ஏறி எம்பி எம்பி உட்கார்ந்தாள். அப்போதும் வரவில்லை.

கசியவே இல்லை. ஆனால் குறைகிறது. நான் மூன்றாவது தடவையாகப் பம்பை மாட்டினேன். மாட்டும்போது இந்த முறை காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். வால்வு திறந்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சின்ன மூச்சு. பம்பின் குழாய்க்குள் காற்று போகிற சத்தம். முள் எழுந்து நூற்றுப் பதினேழில் நின்றது.

எனக்கு உச்சந்தலையில் யாரோ குளிர்ந்த நீர் ஊற்றியது போல இருந்தது. முள்ளைத் தூக்குவதே ஷாக்கின் காற்றுதான். வெறும் குழாயோடு பம்பை மாட்டினால், அந்தக் குழாய் தன் வயிற்றை நிரப்பிக்கொண்ட பிறகுதான் எண்ணைக் காட்டுகிறது. கழற்றும்போது அந்தக் காற்று வெளியே போய்விடுகிறது. கார் டயராக இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. இந்தச் சாண் குழலுக்குள் இருப்பதே ஒரு கைப்பிடிக் காற்று. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பத்தில் ஒரு பங்கை நாமே எடுத்துவிடுகிறோம்.

"அக்கா, பார்த்து பார்த்தே இறக்கிட்டோமா?" ஷபானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பார்த்துட்டு மறுபடி நூத்தெழுபதுக்கு அடிச்சுட்டுக் கழட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. கசியுதான்னு தெரியணுமேன்னு அடிக்காமலே கழட்டினோம் பாரு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். சீல் மாற்றியது, கிரீஸ், ஐந்து நாள் துக்கம் எல்லாம் எதற்கு என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் ஷபானா சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க விழுந்தீங்களே. அதுக்கு முந்தின நாள் அண்ணா பார்த்தாரா?"

பார்த்தார். நாளைக்கு மூன்று படி இறங்கப் போகிறேன் என்று சொன்ன இரவு, அவர் பம்பை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வாசலுக்குப் போனார். அதற்கு முந்தைய காலைகளிலும் பார்த்திருக்கிறார். எனக்காகப் பயந்து பயந்து பார்த்திருக்கிறார். அப்படித்தான் அந்தக் காற்று போயிருக்கிறது.

"இதை அவர்கிட்ட சொல்லிடாத" என்றேன். அவள் தலையாட்டினாள்.

கைப்பேசி மறுபடி ஒலித்தது. வெயிலில் முள் தெரியாத அந்தப் படத்துக்குப் பிறகு நான் எதுவும் அனுப்பவில்லை. 'எவ்வளவு?' என்று கேட்டிருந்தார். அழைத்தேன், எடுக்கவில்லை, யாரிடமோ ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார். 'கசிவு இல்ல. நிரூபிச்சுட்டு வரேன்' என்று அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'மூணு படிக்குப் போகாத.'

போனேன்.

அதற்கு முன்னால் வேலை இருந்தது. நூற்றெழுபதுக்கு அடித்துக் கழற்றினேன். கழற்றும்போது வந்த 'புஸ்' இனிமேல் பயமில்லை, அது குழாயின் காற்று. இனி பம்பைத் தொடவே கூடாது. அப்படியானால் காற்று இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு ஷாக்கிலேயே வழி இருக்கிறது. பளபளக்கும் அந்தத் தண்டின் மேல் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. அதை மேலே தள்ளிவைத்துவிட்டு, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் வண்டியில் மெதுவாக உட்கார்ந்து மெதுவாக இறங்கினால், ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று வளையம் நகர்ந்து நின்று காட்டும். தண்டின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்கினால் சரி. என் ஷாக்குக்கு அது பதினைந்து மில்லிமீட்டர். ஷபானா பையிலிருந்து கண்ணாடிக் கடையில் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளக்கிற சின்ன அளவுகோலை எடுத்தாள். வைத்துப் பார்த்தாள். பதினைந்து.

படப்பையிலிருந்து குவாரிக்குப் போகிற மண்பாதை ஆறு கிலோமீட்டர். ஏரிக்கரை மேட்டில் போய், வேலிக்காத்தான் புதர்களுக்குள் நுழைந்து, செம்மண்ணில் மாட்டுவண்டித் தடங்களோடு ஓடும். போன மாதம் பெய்த மழையில் தடங்கள் எல்லாம் காய்ந்து இறுகி எலும்பாக நின்றன. புதிதாக ஒரு வம்பு ஆரம்பித்தது. ஒவ்வொரு மேட்டைத் தாண்டும்போதும் வண்டியின் பின்பக்கம் என்னை மேலே உதைத்தது. பயந்துவிட்டேன். நின்று யோசித்தபோது புரிந்தது. காற்று குறைவாக இருந்த நாள்களில் ஷாக் சோம்பலாக எழுந்து வருகிறது என்று, அதன் சிவப்புத் திருகை வேகமான பக்கத்துக்குத் திருப்பிவைத்திருந்தோம். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழ வேண்டும் என்று சொல்வது அந்தத் திருகுதான். இப்போது சரியான காற்று இருக்கிறது, அது முழு பலத்தோடு எழுகிறது.

ஒரு சொடுக்கு மெதுவான பக்கம். ஒரு மேட்டில் ஏறி இறங்கினேன், இன்னும் உதைத்தது. இன்னொரு சொடுக்கு. மறுபடி அதே மேடு. இப்போது அமுங்கியது, எழுந்தது, அப்படியே நின்றது. பந்து போல இரண்டாவது தரம் துள்ளவில்லை. "இன்னும் ஒண்ணு வைங்க" என்றாள் ஷபானா. வைத்துப் பார்த்தேன், அடுத்தடுத்து மேடு வந்தபோது எழுவதற்குள் மறுபடி அமுங்கிக் கட்டை போல ஆயிற்று. ஒன்றைத் திருப்பி எடுத்தேன். அவ்வளவுதான். அந்த நொடியில் வண்டி என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஏரியில் நாமக்கோழிகள் கத்திக்கொண்டு ஓட, நான் கரை மேட்டில் பெடலில் நின்றபடியே பாடிக்கொண்டு ஓட்டினேன். எனக்குப் பாட வராது என்பது வேறு விஷயம்.

எட்டரை மணி, மூன்று படி. மேலே நின்று பார்த்தால் அவை நான் நினைவில் வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தன, பயம் மட்டும் அதே அளவில் இருந்தது. ஷபானா கீழே போய் மூன்றாவது படிக்கு அப்பால் நின்றுகொண்டாள்.

"வளையத்தைப் பாருங்கக்கா" என்று கத்தினாள்.

வளையத்தை மேலே தள்ளினேன். மெதுவாக உட்கார்ந்தேன், இறங்கினேன். அவள் அளவுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பதினைந்து மில்லிமீட்டர். ஆறு கிலோமீட்டர் எலும்புப் பாதையில் குதித்து வந்த பிறகும் ஒரு நூல்கூட மாறவில்லை. கசிவு இல்லை என்பது இங்கேயே நிரூபணமாகிவிட்டது, இறங்காமலே திரும்பிப் போகலாம். முரளியின் குரல் காதில் இருந்தது. ஆனால் நான் வந்தது முள்ளுக்காகவோ வளையத்துக்காகவோ மட்டும் இல்லை. இந்த இடத்தில்தான் என் உடம்பு என்னை நம்பாமல் போயிற்று. அதைத் திரும்ப வாங்காமல் இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிரேக்கை விட்டேன். முதல் படி. பின்சக்கரம் இறங்கியது, ஷாக் வாங்கிக்கொண்டது. இரண்டாவது. வாங்கிக்கொண்டு எழுந்தது. மூன்றாவதின் விளிம்பு வந்தது. உடம்பைப் பின்னால் தள்ளினேன். தரை வந்தது. ஷாக் ஆழமாக, ஆழமாகப் போய், முட்டாமல், என்னை இறக்கி வைத்தது. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சரிவு முடிந்து சமதரை வந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் ஒரு வட்டம் அடித்தேன்.

ஷபானா ஓடிவந்து முதலில் என்னைப் பார்க்கவில்லை, வளையத்தைப் பார்த்தாள். ஐம்பது மில்லிமீட்டர் ஓட்டத்தில் நாற்பத்தேழு வரை போயிருந்தது. இருப்பதையெல்லாம் பயன்படுத்தி, அடியை மட்டும் தொடாமல் நின்றிருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஷாக்கிடம் கேட்க ஒன்றுமில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டன.

திரும்பும் வழியில் மணிமங்கலம், சோமங்கலம். நான் கவனித்துப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். முகூர்த்த நாள் என்பதால் குன்றத்தூரில் முருகன் கோயில் குன்றைச் சுற்றி மாலை போட்ட கார்களும் வேன்களும் சாலையை அடைத்திருந்தன. ஒரு மாப்பிள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி அவரே போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். எங்களுக்கு முதலில் வழி விட்டார். அனகாபுத்தூர், பம்மல் தாண்டிப் பல்லாவரத்தில் ஷபானா பிரிந்து போனாள். போகும்போது, "அண்ணா கிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டாள். குரோம்பேட்டைக் கடைகளைத் தாண்டித் தாம்பரம் வரும்வரை அதைத்தான் யோசித்தேன்.

மதியம் பன்னிரண்டு, வீடு. முரளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் தோளைத்தான் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை.

"போனியா?"

"போனேன். இறங்கினேன்."

பம்பை அவர் கையில் கொடுத்தேன். "மாட்டிப் பாருங்க."

மாட்டினார். "நூத்தம்பத்தஞ்சு. இறங்கியிருக்கே."

"கழட்டிட்டு உடனே மறுபடி மாட்டுங்க."

மாட்டினார். நூற்று நாற்பது. என்னைப் பார்த்தார். நான் சொல்லாமலே கழற்றி மூன்றாவது தரம் மாட்டினார். அவர் விரல் அந்த மெல்லிய குழாயை மெதுவாகத் தடவிக்கொண்டே போய் நின்றது.

"இதுல போயிடுது" என்றார். குழாயைக் கழற்றினார். "குறைமாசக் குழந்தைங்க இருக்குல்ல, உள்ள இருக்கறதே ஒரு டம்ளர் ரத்தம். எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க தினமும் டெஸ்ட்டுக்கு எடுத்துட்டே இருந்தா, டெஸ்ட்டுனாலயே ரத்தம் குறைஞ்சுடும். அதனால எங்களைத் தேவையில்லாம எடுக்க விட மாட்டாங்க. எனக்குத் தெரியாததா இது."

"விடுங்க. கசிவு இல்ல, அது போதும்."

அவர் விடவில்லை. முகம் மாறியது. அவர் எண்ணுகிறார் என்று தெரிந்தது. நான் எதைச் சொல்ல வேண்டாம் என்று ஷபானாவிடம் சொன்னேனோ, அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

"நீ விழுந்ததுக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு தடவை பார்த்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிச் சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கற?"

"நீங்க பயந்தீங்க, அதனால பார்த்தீங்க. நான் விழணும்னா பார்த்தீங்க?" என்றேன். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டேன். "இன்னிக்கு மூணாவது படியில தரை தொட்டப்போ, உங்ககிட்ட சொல்லணும்னுதான் முதல்ல தோணுச்சு."

அவர் பம்பை எடுத்து நூற்றெழுபது வரும்வரை நிதானமாக அடித்தார். கழற்றினார். 'புஸ்' என்றதும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். நான் வளையத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கையை நீட்டி அதை மேலே தள்ளி, என்னை ஹெல்மெட்டோடு வண்டியில் உட்காரச் சொல்லி, சீட்டைப் பிடித்துக்கொண்டார். என் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர் என்று வாய்விட்டுச் சொன்னார்.

பிறகு கைப்பேசியை எடுத்து மேடவாக்கத்துக்காரரை அழைத்தார். வண்டியைக் கொடுப்பதாக இல்லை என்றார். ஏன் சார், வண்டியில் ஏதாவது கோளாறா என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் கேட்டது. முரளி ஷாக்கைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் பயந்து பயந்து நிறைய தடவை பார்த்துட்டேன்" என்றார்.